உட்கார ஓர் இருக்கை

கடை திறந்ததும் நாம் கல்லாவில் அமர்ந்துவிடுகிறோம். சரக்கு நிறுத்துப் பொட்டலம் மடிக்கும் சிப்பந்தியோ காலை முதல் இரவு வரை நின்றபடியே இருக்கிறார். கூட்டமில்லாத பிற்பகலில் அவர் சற்றே சாய்ந்தாலும் நம் முகம் சுளிக்கிறது.

கேரளத்தில், கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள் இதற்காகவே சங்கம் அமைத்துப் போராடினார்கள். 2018-இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டிலும் 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதி கட்டாயமாயிற்று.

சங்கம் என்றாலே நம்மில் சிலருக்கு அச்சம். வரி உயர்ந்தால் நாமும் சங்கமாகத்தானே கூடுகிறோம்? கடையடைப்பும் நடத்துகிறோமே! நமக்குள்ள உரிமை அவர்களுக்கு இல்லையா? ஒரு நாற்காலிக்காகச் சங்கம் அமைக்க வேண்டியிருந்தது என்றால் குறை யாரிடம்?

ஒரு முக்காலிக்கு ஆகும் செலவு சொற்பம். விலையும் வாடிக்கையும் அறிந்த பழகிய ஆள் விலகிப் போனால் வரும் நட்டமோ பெரிது.

வணிகப் பெருமக்களே! ஆய்வாளர் வந்து கேட்கும் முன் நாமே இருக்கை போடுவோம். போட்டுவிட்டு, "கொஞ்சம் உட்காருப்பா" என்று நம் வாயாலேயே சொல்வோம். நாம் சொல்லாமல் அவர் உட்காரமாட்டார்.