ஊதாத விசில்

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்லும் ஆட்டத்தில் காலால் பந்தை உதைக்கும் வேலை குறைவு. பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கிறது. அதிகம் உழைப்பதென்னவோ பயிற்சியாளரின் மூளை. மைதானத்தின் ஓரத்திலிருந்து அவர் குறிப்பு அனுப்புகிறார். யார் எங்கே ஓட வேண்டும், யார் யாரை மறிக்க வேண்டும் என்பது பந்து அசைவதற்கு முன்பே 11 பேருக்கும் தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு நடப்பது கிட்டத்தட்ட மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிற காரியம்.

இந்த ஏற்பாட்டை மீறுகிற ஆட்டமுறை ஒன்று உண்டு. பெயர் ஆப்ஷன். இதில் பந்து யார் கைக்குப் போகும் என்பது ஆட்டம் தொடங்கிய பிறகுதான் முடிவாகிறது. முடிவெடுப்பவனுக்கு வயது 16 அல்லது 17. அமெரிக்காவில் ஒவ்வோர் ஆண்டும் 10 லட்சத்துக்கும் அதிகமான உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஃபுட்பால் ஆடுகிறார்கள். வெள்ளிக்கிழமை இரவு என்றால் சிற்றூர்களில் பாதி ஜனம் பள்ளி மைதானத்தில்தான். அந்த விளக்கு வெளிச்சத்தில்தான் ஆப்ஷன் இன்னமும் செல்வாக்கோடு வாழ்கிறது.

ஆப்ஷன் என்பதற்கு அகராதி ‘விருப்பம்’ என்று பொருள் சொல்லும். இங்கே அது பொருந்தாது. பையனின் விருப்பத்துக்கு இதில் இடமே இல்லை. எதிராளி என்ன செய்கிறானோ அதற்கு நேர்மாறானதைச் செய்ய வேண்டும். பயிற்சியாளர்கள் இதைப் ‘படிப்பது’ என்கிறார்கள். எதிரணியில் ஒருவனைக் குறிவைத்து, அவன் தோளையும் காலையும் பார்த்து அடுத்ததைத் தீர்மானிப்பது. ஓடிக்கொண்டே, அரை நொடியில் படிக்க வேண்டிய புத்தகம்.

மூன்று வழி ஆப்ஷன் என்பதை எடுத்துக்கொள்வோம். பந்தைப் பெறுகிற க்வார்ட்டர்பேக் அதைத் தன் பின்னாலிருந்து பாய்ந்துவரும் ஃபுல்பேக்கின் வயிற்றருகே நீட்டுகிறான். எதிரணியின் முன்வரிசையில் ஒருவனை மட்டும் யாரும் மறிக்காமல் வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். அவன் ஃபுல்பேக்கைப் பிடிக்கப் போகவில்லையா, பந்து ஃபுல்பேக்குக்கு. போகிறானா, க்வார்ட்டர்பேக் பந்தை உருவிக்கொண்டு பக்கவாட்டில் ஓடுகிறான். அங்கேயும் மறிக்கப்படாத ஒருவன் நிற்பான். அவன் க்வார்ட்டர்பேக்கைப் பிடிக்க வந்தால், கூடவே ஓடிவரும் மூன்றாமவனிடம் பந்து வீசப்படுகிறது. வராவிட்டால் க்வார்ட்டர்பேக்கே ஓடுகிறான். எல்லாம் சரியாக நடந்தால், மறிக்கப்படாமல் விடப்பட்டவன் எதைச் செய்தாலும் அது தவறாகவே முடியும்.

இதிலுள்ள கணக்கு எளியது. தாக்கும் அணியில் பந்தை வைத்திருப்பவன் யாரையும் மறிக்க முடியாது. எனவே 11 பேருக்கு எதிராக 10 பேர்தான் மிஞ்சுகிறார்கள். எதிரணியில் ஒருவனைத் தொடாமலேயே செயலிழக்கச் செய்தால் கணக்கு சமனாகிவிடும். மிசௌரி பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் டான் ஃபாரட் 1941இல் இந்தச் சிந்தனையைக் களத்தில் இறக்கினார். கூடைப்பந்தில் இருவர் சேர்ந்து ஒரே ஒரு தடுப்பாளரை எதிர்கொண்டு ஓடும் உத்திதான் அவருக்கு முன்மாதிரி. 1960களின் நடுவில் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் பில் யோமன் இதற்கு வேறு வடிவம் கொடுத்தார். 1968இல் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்துக்காக ‘விஷ்போன்’ அமைப்பை உருவாக்கிய எமோரி பெல்லார்ட், அதற்கு முன் பள்ளிகளில் பயிற்சியாளராக இருந்தவர். அந்த அமைப்போடு டெக்ஸாஸ் அணி தொடர்ந்து 30 ஆட்டங்களில் வென்றது.

பள்ளிகளுக்கு இது பிடித்துப்போனதன் காரணம் சரித்திரமல்ல, ஆள்பலம். ஒரு சிற்றூர்ப் பள்ளி 130 கிலோ எடையுள்ள பையன்கள் ஐந்து பேருக்கு எங்கே போகும்? எதிரணியின் மிகப் பெரிய ஆளைத் தள்ள முடியாவிட்டால், தள்ளாமல் விட்டுவிட்டு அவனைக் குழப்பலாம். ராணுவ, கடற்படை, விமானப்படை அகாடமிகளின் அணிகள் நெடுங்காலம் இதையே நம்பியிருந்ததும் ஏறக்குறைய இதே காரணத்தால்தான். ஆப்ஷன், சிறியவர்களின் ஆயுதம்.

ஆனால் ஆயுதம் நன்றாக வேலை செய்யும்போது ஒரு சிக்கல். அது எதிரணியை மட்டுமல்ல, நடுவரையும் ஏமாற்றிவிடுகிறது.

பள்ளி ஆட்டங்களில் பொதுவாக ஐந்து நடுவர்கள். வெள்ளைத் தொப்பி அணிந்த தலைமை நடுவர் தாக்கும் அணியின் பின்னால். அம்பயர், தடுக்கும் அணியின் முன்வரிசைக்குப் பின்னால். இரண்டு பக்கக் கோடுகளிலும் ஒவ்வொருவர். வெகுதூரம் தள்ளிப் பின்களத்தில் ஒருவர். இவர்களுக்கு இது முழுநேரத் தொழிலல்ல. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, ஆட்டத்துக்கு இவ்வளவு என்ற கூலிக்குக் கோடு போட்ட சட்டை மாட்டிக்கொள்பவர்கள்.

ஃபுல்பேக் குனிந்து, இரு கைகளையும் வயிற்றில் சேர்த்துக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்கிறான். நான்கு பேர் அவன்மீது விழுகிறார்கள். ஆட்டம் முடிந்தது என்று அருகிலிருக்கும் நடுவர் விசிலை ஊதுகிறார். அதே நொடியில் பந்து க்வார்ட்டர்பேக்கின் கையில் இருக்கிறது. அவன் மைதானத்தின் ஓரத்தில், எதிரே ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறான்.

விதியின்படி, தவறி ஊதப்பட்ட விசிலும் விசில்தான். அந்தக் கணமே பந்து செத்துவிடும். பந்தைக் கையில் வைத்திருந்த அணி, விசில் ஊதியபோது பந்து இருந்த இடத்தை ஏற்கலாம்; அல்லது அந்த வாய்ப்பை மீண்டும் ஆடலாம். ஓடிக் கடந்திருக்கக்கூடிய 60 கஜத்தைத் தர எந்த விதியாலும் முடியாது. பையன் சரியாகப் படித்தான், சரியாக முடிவெடுத்தான், கச்சிதமாக நடித்தான். நன்றாக நடித்ததற்கே தண்டனை.

எனவே அங்கே புது நடுவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்படும் முதல் பாடங்களில் ஒன்று: பந்தைக் கண்ணால் காணாமல் விசிலை ஊதாதே. யார் விழுந்தான் என்பது முக்கியமல்ல. பந்தோடு விழுந்தானா என்பதே கேள்வி. தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வரும். ‘அவன் பந்தை எடுத்துக்கொண்டு’ என்பதோடு வாக்கியம் முடிந்ததாக நாம் நினைப்பதில்லை. ஆப்ஷனைக் கண்காணிக்கும் நடுவருக்கும் அந்தப் பொறுமை வேண்டும்.

பொறுமை மட்டும் போதாது, வேலைப் பங்கீடும் வேண்டும். தலைமை நடுவர் க்வார்ட்டர்பேக்கை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. பந்தை வீசிய பிறகும் அவனைத் தாக்கினால், அது தேவையற்ற அடியா, ஏற்கெனவே பாய்ந்துவிட்டவனால் நிறுத்த முடியாமல் போனதா என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். அம்பயர் நடுவில் நடக்கும் மோதலைப் பார்க்கிறார். பந்து எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்க நடுவர், பந்தை வாங்கப்போகும் மூன்றாமவனுக்காகக் காத்திருக்கிறார். ஆட்டத்துக்கு முன் பயிற்சியாளர்களைச் சந்திக்கும்போதே, ‘எங்கள் பையன்கள் நன்றாக ஏமாற்றுவார்கள், பார்த்து ஊதுங்கள்’ என்று சொல்லிவைக்கும் பயிற்சியாளர் புத்திசாலி. கேட்டுவைக்கும் நடுவர் அவரைவிடப் புத்திசாலி.

பந்தை வீசும் திசையிலும் தகராறு உண்டு. பக்கவாட்டிலோ பின்னாலோ வீசிய பந்து நழுவி விழுந்தால் அது உயிரோடிருக்கிறது. எதிரணி அதை எடுத்துக்கொண்டு ஓடலாம். ஒரு முழம் முன்னால் வீசப்பட்டிருந்தால் அது முன்வீச்சு. தரையில் விழுந்ததும் செத்துவிடும். இதனால்தான் பக்க நடுவர் கையைப் பின்பக்கமாக நீட்டி, ‘பின்வீச்சு’ என்று சக நடுவர்களுக்கு உடனே காட்டுகிறார்.

எல்லாமே பந்து எங்கே என்ற கேள்வியில் அடங்கிவிடுவதில்லை. முழங்காலும் இருக்கிறது. ஆள்பலமற்ற அணிகள் பெரிய உடம்புகளைச் சாய்க்க இடுப்புக்குக் கீழே மறிக்கும் உத்தியைப் பயன்படுத்துகின்றன. பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றும் தேசியப் பள்ளிக் கூட்டமைப்பின் விதிகள், பந்து வைக்கப்படும் இடத்தைச் சுற்றி 8 கஜ அகலமும் 6 கஜ நீளமும் உள்ள சிறு செவ்வகத்துக்குள் முன்வரிசைக்காரர்களுக்கு மட்டும் இதை அனுமதிக்கின்றன. பந்து அந்த எல்லையைத் தாண்டியதும் அனுமதி போய்விடும். 2021இல் இன்னொரு கடிவாளம் வந்தது: ஆட்டம் தொடங்கிய உடனேயே மறித்தால்தான் செல்லும், ஒரு கணம் தயங்கிவிட்டுக் கீழே பாய்ந்தால் குற்றம். சிறியவர்களின் ஆயுதத்தை மழுங்கடிக்கிறார்கள் என்பது ஆப்ஷன் பயிற்சியாளர்களின் குறை. ஆனால் உடைவது பதினாறு வயது முழங்கால். விதியின் பக்கம்தான் நியாயம் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. எதிராளியைத் தொடாமல் வெல்வதே ஆப்ஷனின் பெருமை என்றால், அதற்கு அவன் முழங்கால் தேவையில்லை.

அண்மைக் காலத்தில் ஆப்ஷனே உருமாறியிருக்கிறது. ஓடுவதா, முன்னால் வீசுவதா என்பதையும் பையனே படித்து முடிவெடுக்கிறான். பந்து வீசப்படும் முன் முன்வரிசைக்காரர்கள் பள்ளி விதிப்படி 2 கஜத்துக்கு மேல் முன்னேறக் கூடாது. கல்லூரியில் 3, தொழில்முறை ஆட்டத்தில் 1. டெக்ஸாஸ் பள்ளிகள் கல்லூரி விதிகளைப் பின்பற்றுகின்றன. பந்தைப் பார்த்துக்கொண்டே இந்தக் கஜக் கணக்கையும் அதே ஐந்து பேர்தான் பார்க்க வேண்டும்.

அந்த ஐந்து பேர் கிடைப்பதும் இப்போது அரிதாகிவருகிறது. பெற்றோரின் வசவு தாங்காமல் பலர் விசிலைக் கழற்றி வைத்துவிட்டார்கள். ஆள் போதாமல், வெள்ளிக்கிழமை ஆட்டங்களைச் சில மாவட்டங்கள் வியாழக்கிழமைக்கும் சனிக்கிழமைக்கும் மாற்றிக்கொள்கின்றன. 60 கஜம் ஓடிய பையனின் படம் மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் வரும். அவனை ஓட விட்டு, வாயில் விசிலோடு அரை நொடி சும்மா இருந்தவரின் படம் வராது. தவறி ஊதினால்தான் அவரை ஊருக்கே தெரியும்.