உலகம் சென்று உரிமை கற்கலாம். ஊரின் இழிவை ஆயலாகாதாம்!

சென்னைக்குக் குடிநீர் ஈயும் வீராணம் என்னும் வீரநாராயணன் ஏரியை அடுத்துள்ளது காட்டுமன்னார்கோயில். அவ்வூரின் உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயிற் சுவரில், ஆயிரம் ஆண்டு கடந்த கல்வெட்டொன்று உள்ளது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற அரசப் பகைவரும் அவர்தம் உறவினரும் கொண்டிருந்த உடைமைகளைப் பறிக்குமாறு முதலாம் இராசராசன் விடுத்த ஆணையை அக்கல் சுமந்து நிற்கிறது.

குற்றம் செய்யாத உறவினரின் உடைமையையும் பறித்த அவ்வாணை, இன்றைய மாந்தவுரிமைச் சட்டத்தின் முன் ஒரு நொடியும் நில்லாது. பழையது என்பதற்காகவே அதைப் போற்ற வேண்டுவதில்லை. ஆயின் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். வடசொற் கலப்பு இருப்பினும், அந்த ஆணையின் மொழி தமிழ். நான்மறையாளரின் ஊரவைக்கே மன்னன் தமிழில்தான் ஓலை விடுத்தான். தண்டிக்கப்பட்டவன் தனக்கு நேர்ந்தது இன்னதென்று தன் தாய்மொழியிலேயே கேட்டறிய முடிந்தது.

இன்று அந்த ஏரிக்கரையின் ஓர் உழவுக் கூலியின் மகள் சட்டம் பயின்று, மாந்தவுரிமைச் சட்டத்தில் முதுநிலைப் பட்டம் பெற அயல்நாடு செல்ல விழைகிறாள் என்று கொள்க. இங்கிலாந்தின் எசெக்சுப் பல்கலைக்கழகத்திலும், நெதர்லாந்தின் இலெய்டன் பல்கலைக்கழகத்திலும் அக்கல்வி உண்டு. வெனிசு நகரை நடுவமாகக் கொண்டு, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பல இணைந்து நடத்தும் முதுநிலைப் படிப்பும் உண்டு. 1948-இன் உலக மாந்தவுரிமைப் பேரறிக்கை, 1966-இன் இரு பன்னாட்டு உடன்படிக்கைகள், 1984-இன் வதை ஒழிப்பு உடன்படிக்கை ஆகியவற்றை அங்கே சொல் சொல்லாகப் பிரித்து ஆய்வர். அரசு தன் குடிமகனை நசுக்கினால் உலக மன்றங்களில் எங்ஙனம் முறையிடுவது என்பதையும் கற்பிப்பர்.

நல்ல கல்வியே! ஆனால் அம்மகளின் வழியில் மூன்று சுவர்கள் எழுந்து நிற்கின்றன.

முதற் சுவரைத் தில்லி எழுப்பியது. தாழ்த்தப்பட்டோர்க்கும் நிலமற்ற உழவுக் கூலியர்க்கும் அயல்நாட்டில் உயர்கல்வி பெற நடுவணரசு உதவித்தொகைத் திட்டமொன்றை நடத்துகிறது. 2022-ஆம் ஆண்டு அத்திட்டத்தின் நெறிமுறையில் ஒரு விலக்கு நுழைந்தது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியக் குமுகாயம் ஆகியவற்றைப் பற்றிய ஆய்வுக்கு உதவி இல்லையாம்! அதாவது, பிரேசில் நாட்டுத் தொல்குடியின் உரிமையை அம்மகள் ஆயலாம். தன் தெருவுக்கு மறுக்கப்பட்ட சுடுகாட்டுப் பாதையை ஆயலாகாது. உலகின் புண்களையெல்லாம் எண்ணலாம்; தன் முதுகின் தழும்பை மட்டும் தொட்டுப் பார்க்கலாகாது!

இவ்விதி நூறாண்டுக்கு முன்பே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பரோடா மன்னரின் உதவித்தொகையால் 1913-இல் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்ற அம்பேத்கர், 1916-இல் அங்கே படித்த ஆய்வுரை எதைப் பற்றியது? இந்தியாவின் சாதிகளைப் பற்றியது! மன்னராட்சி கேளாத கேள்வியைக் குடியாட்சி கேட்கிறது. அம்பேத்கர் படத்துக்கு மாலை இடும் கையே அவர் நடந்த வழியை அடைக்கிறது.

காட்டுமன்னார்கோயில் இதை மற்ற ஊர்களைவிடக் கூடுதலாக உணர வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினராக விளங்கிய இளையபெருமாள் அம்மண்ணின் மகன். 1965-இல் அமர்த்தப்பட்ட தீண்டாமைக் குழுவுக்குத் தலைமையேற்று, நாடெங்கும் சுற்றி, 1969-இல் அவர் அளித்த அறிக்கை தில்லியின் முகத்திரையைக் கிழித்தது. கோயிற் பூசகர் பணி பிறப்புவழியே இறங்குவதை ஒழிக்க வேண்டுமென்றும் அது கூறிற்று. 1970-இல் தமிழ்நாட்டு அரசு கொணர்ந்த சட்டத்துக்கு அதுவும் ஓர் அடிப்படை. அந்தப் பிறப்புவழி உரிமையை நீக்கியது செல்லும் என்று 1972-இல் உச்சமுறைமன்றமும் ஏற்றது. தன் ஊரின் இழிவை ஆய்ந்த ஒருவரால் நாட்டின் சட்டமே அசைந்தது. அத்தகைய ஆய்வைத்தான் இன்றைய விதி விலக்கி வைக்கிறது.

அச்சம் எதற்கு என்பதும் விளங்காததன்று. 2001-இல் தர்பனில் நடந்த இனவொதுக்கல் எதிர்ப்பு மாநாட்டில், சாதியைப் பேசுபொருள் ஆக்கலாகாதென்று இந்திய அரசு முட்டி நின்றது. 2002-இல், இனவொதுக்கல் ஒழிப்புக்கான ஒன்றிய நாடுகள் மன்றக் குழு, ‘பிறப்புவழி’ வேற்றுமை என்பதில் சாதியும் அடங்கும் என்று தெளிவுறுத்தியது. வதை ஒழிப்பு உடன்படிக்கையில் 1997-இல் கையொப்பமிட்ட இந்தியா, அதை இன்னும் உறுதி செய்யவில்லை. இவற்றையெல்லாம் கற்றுத் திரும்பும் ஒரு சேரிமகளின் நாவுக்கு அஞ்சுவோர் அஞ்சத்தானே செய்வர்!

இரண்டாம் சுவர் மொழிச்சுவர். எப்படியோ படித்துத் திரும்பினாள் என்றே கொள்க. அவள் வழக்காட வேண்டிய உயர்முறைமன்றத்தின் மொழி எது? ஆங்கிலம்! 1993-இல் விருத்தாசலத்தை அடுத்த முதனை ஊரில், குறவர் குடியைச் சேர்ந்த உழைப்பாளி ஒருவர் காவலர் பிடியில் உயிரிழந்தார். ‘தப்பி ஓடிவிட்டார்’ என்றனர் காவலர். அவர் மனைவி உண்மை தேடிச் சென்னை உயர்முறைமன்றப் படியேறினார். பின்னாளில் அம்மன்றத்திலேயே நடுவராய் அமர்ந்த சந்துரு, அன்று வழக்குரைஞராய் நின்று அவருக்காக வாதாடினார். 2021-இல் வந்த திரைப்படமொன்றால் அவ்வழக்கை உலகறியும். அப்பெண்ணின் கணவனைப் பற்றிய வழக்கு, அப்பெண்ணின் மொழியில் நடைபெறவில்லை என்பதை எத்தனை பேர் எண்ணினர்?

அவ்வழக்கின் வகைக்கு ஆங்கிலச் சட்டம் இலத்தீனில் பெயர் வைத்திருக்கிறது. தமிழில் அதற்கு ‘ஆட்கொணர்வு’ என்று பெயர். இலத்தீன் பெயரைக் கேட்டால் ஏழை மருள்வாள். ஆட்கொணர்வு என்றால், ‘என் ஆளைக் கொண்டுவந்து நிறுத்து’ என்று அவளே கேட்பாள்! ஒரு சொல் விளங்கினால் ஓர் உரிமை விளங்கும். உலகப் பேரறிக்கையின் முதற் கூற்றில் ‘ஆடவர் அனைவரும்’ என்று பொருள்படவிருந்த தொடரை ‘மாந்தர் அனைவரும்’ என்று மாற்றச் செய்தவர் அன்சா மேத்தா என்னும் இந்தியப் பெண்மணி. ஒரு சொல்லை மாற்றி, மாந்தரிற் பாதியை உள்ளே அழைத்து வந்தார் அவர். சொல்லில் என்ன இருக்கிறது என்போர் இதற்கு விடை கூறட்டும்.

1976-இன் சட்டத் திருத்தம் கீழமை மன்றங்களில் தமிழுக்கு இடம் தந்தது. 2006-இல் சென்னை உயர்முறைமன்றத்திலும் தமிழ் வேண்டுமெனச் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது. அரசியலமைப்பின் 348-ஆம் கூறு அதற்கு வழியும் வைத்திருக்கிறது. அவ்வழியே இராசத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகிய நான்கு மாநிலங்களில் இந்தி நுழைந்தது. தமிழ் கேட்டபோதோ உச்சமுறைமன்றம் இசையவில்லை. 2012-இலும் மறுப்பே விடையாயிற்று. இந்திக்குத் திறந்த கதவு தமிழுக்கு மட்டும் ஏன் சுவரானது?

‘2019 முதல் தீர்ப்புகள் தமிழில் பெயர்த்து வெளியிடப்படுகின்றனவே’ என்பர் சிலர். அப்பெயர்ப்பு படித்தறிய மட்டுமே. சட்ட வலிமை ஆங்கில மூலத்துக்கே! விருந்தை ஒருவர் உண்ண, இலையில் இருந்தது இன்னதென்று மற்றவர்க்குச் சொல்லுவதா உரிமை?

மூன்றாம் சுவரைத் தமிழரே எழுப்பினர். அயல்நாட்டுப் பட்டத்தோடு திரும்புவோருள் எத்தனை பேர் தாம் கற்றதைத் தமிழில் எழுதினர்? மாந்தவுரிமையை ஆங்கில அரங்குகளில் அழகுறப் பேசிவிட்டு, ஊர் மன்றில் வாய்மூடியிருப்பது கற்றவர்க்கு அழகன்று. மற்றொரு புறம், தமிழ்த் தூய்மை பேசும் வீட்டிலேயே சாதித் தூய்மையும் காக்கப்படுமானால், அத்தமிழால் ஆவதென்ன? வடசொல்லை விலக்கிய நா, தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையைக் கண்டு வாளாவிருக்குமாயின், அது தமிழுக்குச் செய்யும் இழுக்கு. பிறப்பால் தாழ்வு கற்பிப்போன் எத்துணைத் தூய தமிழ் பேசினும் தமிழ்ப்பகைவனே!

ஆகவே செய்ய வேண்டுவன தெளிவு. 2022-இன் அவ்விலக்கு விதி முற்றாக நீங்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்க்கு வழங்கும் அயல்நாட்டுக் கல்வியுதவியில் தம் மண்ணை ஆய்வோர்க்கு முன்னுரிமை வேண்டும். அவர்தம் ஆய்வு தமிழிலும் நூலாக வேண்டும். உயர்முறைமன்றத்தில் தமிழ் வழக்குமொழியாக, தீர்ப்பு மொழியாக ஏற வேண்டும். அந்நாள் வருமுன்பே, கற்றுத் திரும்பியோர் ஊர்தோறும் அமர்ந்து, கைது செய்யப்படுபவனுக்கு உள்ள உரிமைகளை எளிய தமிழில் எடுத்துரைக்க வேண்டும்.

காட்டுமன்னார்கோயிலின் மகள் உலகெங்கும் செல்லட்டும், எம்மொழியிலும் கற்கட்டும். கற்றதைத் தன் தெருவுக்குத் தன் மொழியில் கொண்டுவரட்டும்! அன்று கொடுந்தண்டனையும் தமிழில் வந்தது. இன்று உரிமை தமிழில் வர ஏன் தயங்குகிறது? அத்தயக்கத்தை உடைப்பதே தமிழர் கடன்!