மாவரைத்தவளுக்குப் பெயரில்லை

ஜெர்மனியில் மிக அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர் முல்லர். மாவரைப்பவர், ஆலைக்காரர் என்று பொருள். ஆலையைக் குறிக்கும் ‘மொலினா’ என்ற லத்தீன் சொல்லே இதன் மூலம். பெயராய்வாளர்கள் இதைத் ‘தொழில்வழிப் பெயர்’ என்று ஒரு பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். என்னால் அப்படிப் போக முடியவில்லை. யாருடைய தொழில் அது?

ஆற்றில் சக்கரம் சுழல்வதற்கு முன், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தானியம் அரைத்தவை பெண்களின் கைகள். பண்டைய எகிப்தியச் சிலைகளில் அரைகல்லின் முன் மண்டியிட்டிருப்பவள் பெண். பைபிளில் எந்திரக்கல்லின் பின்னால் இருப்பவள் அடிமைப்பெண். அத்தனை காலமும் அது வெறும் வேலை. பிறகு நீராலை வந்தது. நிலப்பிரபு அதற்கு உரிமை கொண்டாடினான். குடியானவர்கள் தன் ஆலையில்தான் அரைக்க வேண்டும், தானியத்தில் ஒரு பங்கைக் கூலியாகத் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தினான். ஐரோப்பாவில் சில இடங்களில் வீட்டுத் திருகைகளைப் பறிமுதல்கூடச் செய்தார்கள். ஆலையை நடத்த ஓர் ஆண் வந்து உட்கார்ந்தான். அன்றுதான் அது ‘தொழில்’ ஆனது.

12ஆம் நூற்றாண்டிலிருந்து ஜெர்மன் நகரங்களில் பட்டப்பெயர்கள் குடும்பப் பெயர்களாக இறுகத் தொடங்கியபோது, ஊருக்கு ஊர் ஒரு முல்லர் இருந்தான். ஒரே குடும்பம் பெருகிப் பரவிய பெயரல்ல இது. ஆலை இருந்த இடமெல்லாம் தனித்தனியாக முளைத்த பெயர். வடக்கே மோலர். லத்தீனில் எழுதிப் பெருமைப்பட்டவர்களுக்கு மோலிட்டர். அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்களில் பலர் மில்லர் ஆனார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஹாப்ஸ்பர்க் அரசு கிழக்கே பனாத் பகுதியில் குடியேற்றியவர்களோடும் போனது. 2009இல் நோபல் பரிசு பெற்ற ஹெர்த்தா முல்லர் அந்த வழியில் வந்தவர். அவருக்கும் அது தந்தைவழிப் பெயர்தான்.

‘அரைத்தவள்’ தமிழில் வினையாலணையும் பெயர். இலக்கணத்தில் அவளுக்கு இடமிருக்கிறது. பதிவேட்டில்தான் இல்லை.

பெண்ணுக்கும் ஒரு வடிவம் இருந்ததே என்பார்கள். இருந்தது: ‘முல்லரின்’. முல்லரின் மனைவி அல்லது மகள். 18ஆம் நூற்றாண்டுவரை பெண்களின் குடும்பப் பெயரோடு இந்த ‘இன்’ ஒட்டிக்கொண்டிருந்தது. தமிழ்க் காதுக்கு அது உடைமைப் பொருளிலேயே விழும். தற்செயல்தான், ஆனாலும் எவ்வளவு பொருத்தம்! ஷில்லர் தன் நாடகத்துக்கு ‘லூயிஸ மில்லரின்’ என்று நாயகியின் பெயரை வைத்தார். நடிகர் இஃப்லாண்ட் சொன்னதைக் கேட்டு, 1784இல் அது ‘சூழ்ச்சியும் காதலும்’ ஆகிவிட்டது. ஷூபர்ட் 1823இல் இசையமைத்த ‘அழகிய ஆலைக்காரி’ பாடல்தொடரில் அந்தப் பெண்ணுக்குப் பெயரே கிடையாது. பாடல்களை எழுதியவருக்கு உண்டு: வில்ஹெல்ம் முல்லர்.

அவருடைய மகனை நமக்குத் தெரியும். இந்தியாவில் ஜெர்மன் பண்பாட்டு மையங்களுக்கு வைத்திருக்கும் பெயர் அவருடையது: மாக்ஸ் முல்லர். ‘முல்லர்’ ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது என்று ‘மாக்ஸ்’ஸையும் குடும்பப் பெயரில் சேர்த்துக்கொண்டவர் அவர். ஆணுக்குப் பெயர் சட்டை மாதிரி. பிடிக்கவில்லையென்றால் தைத்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம். அவர் இறந்த பின் கடிதங்களையெல்லாம் திரட்டி, 1902இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டவர் ஜார்ஜினா. முகப்புப் பக்கத்தில் பதிப்பாசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘அவருடைய மனைவி’ என்றிருக்கிறது.

இதெல்லாம் பழங்கதை என்று யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம். 1900இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மன் குடிமைச் சட்டம், மனைவிக்குக் கணவன் பெயர் என்று விதித்தது. தன் பிறப்புப் பெயரைப் பின்னால் ஒட்டிக்கொள்ள 1957ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தது. இருவர் பெயரில் எதையும் தேர்ந்தெடுக்கலாம் என்று 1976இல் திருத்தினார்கள். கூடவே ஒரு கொக்கி: இருவரும் ஒத்துப்போகாவிட்டால் கணவன் பெயரே. சமத்துவச் சட்டத்துக்குள்ளேயே ஒளிந்திருந்த இந்தக் கொக்கியைக் கழற்ற, அரசியல் சாசன நீதிமன்றம் 1991இல் தலையிட வேண்டியிருந்தது. கணவனும் மனைவியும் இரண்டு பெயர்களையும் சேர்த்துப் பொதுப் பெயராக வைத்துக்கொள்ளலாம் என்ற சட்டம் 2025 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தது. எல்லாம் அவரவர் விருப்பம் என்கிறார்கள். அந்த விருப்பம் இன்றும் பெரும்பாலான திருமணங்களில் கணவன் பெயரிலேயே போய் முடிகிறது.

நமக்குக் குடும்பப் பெயர் இல்லை என்று வகுப்பில் மாணவிகள் பெருமையாகச் சொல்வார்கள். இனிஷியல் இருக்கிறதே! என் முனைவர் பட்டச் சான்றிதழில் அப்பாவின் முதலெழுத்து, வங்கிக் கணக்கில் கணவருடையது. இரண்டு பேரும் ஒருத்திதான் என்று முத்திரைத்தாளில் மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் கணவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. கடைசி முறை அந்தத் தாளை வாங்கிப் புரட்டிய எழுத்தர், “இதுல உங்க பேரு எதும்மா?” என்றார்.

புள்ளிக்குப் பிறகு இருப்பது என்றேன்.