சாலை மேல் பழி போடாதீங்க, தம்பி

காலை ஆறு மணி நிகழ்ச்சி நடத்துகிறவளுக்குக் கார் சொகுசு இல்லை. நான் வீட்டை விட்டுக் கிளம்பும் ஐந்து மணிக்கு எல்ஆர்டி ஓடாது. அதனால் சர்வீஸ் தேதியை மட்டும் தள்ளிப் போடவே மாட்டேன். போன மாதம் 90,000 கிலோமீட்டர் சர்வீஸ். எண்ணெய் மாற்றியதோடு, முன்பக்க டை ராட் எண்ட் இரண்டும் தேய்ந்துவிட்டன என்று புதிது போட்டார்கள். அலைன்மெண்ட்டுக்கும் பில்லில் காசு எழுதியிருந்தது.

அன்று மாலை ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஏறினால், கார் நேராகப் போகிறது, ஸ்டீரிங் மட்டும் இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. பன்னிரண்டு மணி காட்ட வேண்டிய முள் பதினொன்றரையில் நிற்கிற மாதிரி.

மறுநாள் கவுண்டரில் இருந்த தம்பியிடம் சொன்னேன். "அக்கா, நம்ம ரோடு அப்படித்தான். தண்ணி வடியணும்னு சாய்ச்சுப் போட்டிருப்பாங்க. கார் லெஃப்ட்ல போகத்தான் செய்யும். நார்மல்தான்கா."

தம்பி சொன்னதில் பாதி உண்மை. மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடுவை உயர்த்தி, ஓரத்தைத் தாழ்த்திப் போடுவார்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். கையை எடுத்தால் கார் மெல்ல இடது ஓரத்துக்கு நகரும். ஆனால் அப்படி நகரும் காரை நேராக ஓட்ட, ஸ்டீரிங்கை வலப்பக்கம்தானே பிடித்திருப்போம்? என் ஸ்டீரிங் சாய்ந்தது இடப்பக்கம். கணக்கு உதைக்கிறதே, தம்பி!

இதை நிகழ்ச்சியில் பேசிய அன்று வாட்ஸ்அப் நிரம்பிவிட்டது. சர்வீஸ் முடிந்து வந்த கார் இழுக்கிறது, ஆடுகிறது, ஏதோ ஒரு மாதிரி இருக்கிறது என்று எத்தனை பேர்! சிக்கல் அந்த 'ஒரு மாதிரி'யில்தான் இருக்கிறது. நாம் பேசுவது கவுண்டரில் இருப்பவரிடம். காரில் கை வைப்பவர் உள்ளே இருக்கிறார். அவருக்குப் போய்ச் சேருவது ஜாப் ஷீட்டில் எழுதிய ஒற்றை வரி மட்டுமே. 'ஸ்டீரிங் சரியில்லை' என்று எழுதினால் அவர் எதைத் தேடுவார்?

கையைத் தளர்த்தியதும் கார் ஒரு பக்கமாக ஓடினால், அதன் பெயர் இழுப்பு. முதலில் டயர் காற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும். காற்று சரி என்றால், முன் டயர்கள் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம் (ஒரே திசையில் சுழல வேண்டிய டயர்களுக்கு இது ஆகாது). இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயருடையது. வேகம் 90, 100ஐத் தொடும்போது ஸ்டீரிங் நடுங்கினால் பெரும்பாலும் பேலன்சிங்தான். வளைவு முடிந்தும் ஸ்டீரிங் தானாகத் திரும்பி வரவில்லை என்றால், அது வேறு கதை. ஏதோ ஒரு மூட்டு இறுகிப் பிடிக்கிறது, அல்லது மின்சார ஸ்டீரிங்கின் சென்சாருக்கு நடு எதுவென்று ஸ்கேனர் வைத்துச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

என் காருக்கு வந்தது கோணல். டை ராட் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உண்டு. அவற்றின் நீளத்தைத் திருகிக் கூட்டிக் குறைத்துத்தான் சக்கரங்களை நேராக்குவார்கள். அதற்கு முன் ஸ்டீரிங்கை நடுவில் வைத்துப் பூட்ட வேண்டும். பூட்டாமல் செய்தாலும் திரையில் எல்லா எண்ணும் பச்சையாகத்தான் தெரியும். சக்கரம் நேர், ஸ்டீரிங் கோணல்.

இரண்டாவது முறை காரை விட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து, நன்றாகக் கழுவித் துடைத்து, "சரி பண்ணியாச்சுக்கா" என்று கொடுத்தார்கள். வாசலைத் தாண்டியதும் அதே பதினொன்றரை. திரும்பிப் போய் அலைன்மெண்ட் தாளைக் கேட்டேன். திருத்துவதற்கு முன், திருத்திய பின் என்று எண்கள் அச்சாகி வரும் தாள் அது. பிரிண்டர் பழுதாம். பிரிண்டர்களுக்கு நேரம் பார்த்துப் பழுதாகும் கலை கைவந்திருக்கிறது.

அந்த வார இறுதியில் ஈப்போவில் கல்யாணம். அம்மாவையும் பிள்ளைகள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு 200 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். ஸ்டீரிங் கோணலால் மட்டும் கார் கவிழ்ந்துவிடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் சக்கரத்தை ஸ்டீரிங்கோடு இணைக்கும் பாகத்தைக் கழற்றி மாட்டியவர்கள் இவர்கள். ஸ்டீரிங்கைப் பூட்டாமல் விட்டவர்கள் நட்டை மட்டும் ஒழுங்காக இறுக்கியிருப்பார்களா? "ரயில்ல போயிடலாம்டி" என்றார் அம்மா. இடிஎஸ்ஸில் போனோம்.

ரயிலில் உட்கார்ந்தே நிலையத்தின் மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதினேன். தேதி, பில் எண், பக்கத்து இருக்கையிலிருந்து தங்கை எடுத்த பத்து விநாடி வீடியோ. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, காசு வாங்கிச் செய்யும் வேலை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும் என்பதையும் சேர்த்தேன். இப்படிப்பட்ட வழக்கைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குக் கொண்டு போகலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். ஒரு விஷயம்: புகாரை எழுத்தில் கொடுப்பதற்கு முன் தெரிந்த போர்மேனிடம் கொண்டு போய்த் திருகிவிடாதீர்கள். அப்புறம் கோணல் யாருடையது என்று யார் சொல்வது?

திங்கட்கிழமை கூப்பிட்டார்கள். காரை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். வேலை செய்பவரைக் காரில் ஏற்றுங்கள், நான் பக்கத்தில் உட்காருகிறேன் என்றேன். கையில் கிரீஸோடு ஒரு மலாய் இளைஞர் வந்தார். 500 மீட்டர்கூடப் போகவில்லை. "ஸ்டீரிங் தாக் சென்டர், காக்" என்றார். மூன்று வாரமாக நான் சொன்னதைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவரிடம் யாரும் என்னைப் பேசவிடவில்லை, அவ்வளவுதான்.

அரை மணி நேர வேலை. காரை உயர்த்தியபடியே என்னை அழைத்து, இறுக்கிய நட்டுகளில் வெள்ளைப் பெயிண்டால் போட்ட கோடுகளைக் காட்டினார். நட்டு நகர்ந்தால் கோடு விலகிவிடும், அடுத்த முறை நீங்களே பார்க்கலாம் என்றார். திரும்ப ஒரு சுற்று ஓட்டினோம். முள் பன்னிரண்டில். அலைன்மெண்ட் தாளும் அச்சாகி வந்தது. பில்லில் பூஜ்யம் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாவியை வாங்கினேன்.