கன்னக்கோல் இல்லாத கள்வர்



திருடன் எந்த நேரத்தில் வருவான் என்று வீட்டுத் தலைவனுக்குத் தெரிந்திருந்தால் அவன் விழித்திருப்பான் என்று நம் ஆண்டவர் உரைத்ததை மத்தேயு நற்செய்தியின் 24ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவ்விடத்தில் கிரேக்க மூலத்தில் வரும் சொல்லுக்குச் சுவரைத் துளைத்து உட்புகுதல் என்பதே பொருள். அதனால்தான் தமிழில் பெயர்த்தோர் ‘கன்னமிடுதல்’ என்னும் சொல்லை அங்கே பொருத்தமாக வைத்தனர். மண்சுவர் வீடுகள் மலிந்திருந்த காலத்தில் கன்னக்கோலுக்கு அஞ்சாத ஊர் இல்லை. இன்று சுவர்கள் சிமெண்டாகிவிட்டன. சன்னல்களுக்குக் கம்பி வந்துவிட்டது. கள்வரோ தொழிலை விடவில்லை. ஊருக்கே வராமல், சுவரையே தொடாமல், பெட்டகத்தில் இருப்பதை எடுத்துச் செல்லக் கற்றுக்கொண்டனர். இதனையே கணிப்பொறிக் குற்றம் என்கிறோம்.

இவையெல்லாம் மாநகரத்தாரின் கவலைகள். அதிராம்பட்டினத்தில் உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவே வாழும் நமக்கு இதில் என்ன என்று கேட்போர் உண்டு. அவர்கள் பொருட்டே நம் மாவட்டத்தில், கும்பகோணத்தில், நடந்த ஒன்றை இம்மாதம் எடுத்துக்கொண்டோம்.

கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி, 1904ஆம் ஆண்டில் கும்பகோணம் வங்கி என்ற பெயரில் தொடங்கப்பெற்றது. நூறாண்டைத் தாண்டிய அந்த வங்கியின் கணிப்பொறிகளுள் 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் கள்வர் புகுந்தனர். வெளிநாட்டு வங்கிகளுக்குப் பணம் கொடுக்கச் சொல்லும் செய்திகளை வங்கிகள் ‘ஸ்விஃப்ட்’ என்ற அமைப்பின் வழியாக அனுப்புகின்றன. 1973இல் பெல்ஜியத்தில் நிறுவப்பட்ட இவ்வமைப்பு பணத்தைச் சுமந்து செல்வதில்லை. செய்தியை மட்டுமே சுமக்கிறது. பழைய தந்தி மணியார்டரை நினைத்துக்கொண்டால் போதும். தந்தி வந்துவிட்டால் எதிர்முனையில் உள்ளவர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவார். ஆகவே பெட்டகத்தை உடைக்க வேண்டிய அவசியம் கள்வனுக்கு இல்லை. தந்தி அடிப்பவரின் நாற்காலியில் சிறிது நேரம் அமர்ந்தால் அவன் காரியம் முடிந்துவிடும்.

பிப்ரவரி 6 அன்று அவ்விதமே மூன்று செய்திகள் வங்கியின் பெயரால் புறப்பட்டன. ஒன்று, 5 இலட்சம் டாலரை நியூயார்க் வழியாகத் துபாய்க்குக் கொடுக்கச் சொன்னது. இன்னொன்று, 3 இலட்சம் யூரோவை பிராங்க்பர்ட் வழியாகத் துருக்கிக்கு. மூன்றாவது, 10 இலட்சம் டாலரை நியூயார்க் வழியாகச் சீனாவுக்கு. நம் பணத்தில் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 12 கோடி ரூபாய். இவற்றில் எதையும் வங்கி ஊழியர் எவரும் அனுப்பவில்லை.

செய்தி போய்ச் சேர்ந்ததும் அதற்கு ஒப்புகை வரும். அது ஓர் அச்சுப் பொறியில் தாளாக விழும். கள்வர் அந்த அச்சுப் பொறியையே முதலில் செயலிழக்கச் செய்துவிட்டனர். அன்று தாள் விழவில்லை. அச்சுப் பொறி நின்றுபோவது எந்த அலுவலகத்திலும் நடப்பதுதானே! அதற்காக எவர் மனம் பதைக்கும்? மறுநாள் காலை, முந்தைய நாளின் கணக்கை நேர் பார்த்தபோதுதான் தங்கள் ஏட்டில் இல்லாத மூன்று கட்டளைகள் ஊழியரின் கண்ணில் பட்டன. உடனே வெளிநாட்டு வங்கிகளுக்குச் செய்தி பறந்தது. துபாய்க்குச் சென்ற தொகை வழியிலேயே தடுக்கப்பட்டது. துருக்கிக்குச் சென்றதை அங்கிருந்த வங்கி நிறுத்திவைத்தது. சீனாவுக்குச் சென்றதை மட்டும் ஒருவர் போலி ஆவணங்களைக் காட்டித் தமதென்று கோரியிருந்தார். இது பன்னாட்டுக் கள்வரின் வேலை என்றும், தம் ஊழியருக்கு இதில் பங்கு இருந்ததாகச் சான்று ஏதும் இல்லை என்றும் வங்கியின் தலைமை நிர்வாகி காமகோடி அறிவித்தார். அந்தக் கடைசி வார்த்தையை வாசகர்கள் மறவாதிருக்க வேண்டும். அதற்குப் பின்னர் வருவோம்.

அச்சுப் பொறியை ஊமையாக்கும் தந்திரம் கும்பகோணத்தில் பிறந்ததன்று. சரியாக ஈராண்டுகளுக்கு முன், 2016 பிப்ரவரியில், வங்காள தேசத்தின் மத்திய வங்கியிலும் இதுவே நடந்தது. அங்கே கள்வர் குறிவைத்தது ஏறத்தாழ 95 கோடி டாலர். 8 கோடியே 10 இலட்சம் டாலர் மணிலாவில் இருந்த ஒரு வங்கிக் கிளைக்குப் போய், சூதாட்ட விடுதிகளின் வழியே பெரும்பகுதி மறைந்தது. 2 கோடி டாலர் இலங்கையில் ஓர் அறக்கட்டளையின் பெயருக்கு அனுப்பப்பட்டது. அறக்கட்டளை என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லைக் கள்வர் பிழையாக எழுதியிருந்தனர். இடையில் இருந்த வங்கியில் எவரோ ஒருவர் அந்த எழுத்துப் பிழையைக் கண்டு விளக்கம் கேட்டார், பணம் திரும்பியது. பள்ளிக்கூடத்தில் எழுத்துப் பிழைக்காகப் பிரம்படி வாங்கிய நம் தலைமுறைக்கு இச்செய்தி ஆறுதலாக இருக்கும்.

அந்த வங்கிக்குள் கள்வர் எவ்வாறு நுழைந்தனர் என்பதை அமெரிக்க அரசு 2018 செப்டம்பரில் வெளியிட்ட குற்றச்சாட்டில் விரிவாகக் காணலாம். 2015 ஜனவரியில் வேலை கேட்டு ஒரு பணிவான மின்னஞ்சல் வங்கி ஊழியர் சிலருக்கு வந்தது. தம் விண்ணப்பத்தைத் திறந்து பார்க்குமாறு எழுதியவர் வேண்டியிருந்தார். சிலர் திறக்க முயன்றனர். உள்ளே விண்ணப்பத்தோடு வேறொன்றும் இருந்தது. அதன் பிறகு ஏறத்தாழ ஓராண்டு காலம் கள்வர் சந்தடியின்றி உள்ளேயே இருந்து, எவர் எந்நேரம் வேலை செய்கிறார், விடுமுறை எந்நாள் என்பதையெல்லாம் கற்றனர். நம் டெல்டா விவசாயி இதனை எளிதில் அறிவார். வரப்பு வெள்ளத்தால் மட்டும் உடைவதில்லை. நண்டு வளை ஒன்று எந்நாளோ விழுந்திருக்கும். நீர் கட்டிய இரவில்தான் அது தெரியவரும்.

வங்கிகளுக்கு இவற்றுக்கெல்லாம் ரிசர்வ் வங்கியின் கட்டளைகள் உண்டு, ஆய்வாளர் உண்டு. நம் கவலை வேறு. பங்கு அலுவலகம், கோயில் கட்டடக் குழு, பள்ளி, மகளிர் சுய உதவிக் குழு, மீனவர் சங்கம் ஆகியவையும் நிறுவனங்களே. அவற்றிலும் இன்று பணம் கைப்பேசியின் வழியே வருகிறது, போகிறது. காவல் மட்டும் உண்டியல் காலத்துக் காவலாகவே இருக்கிறது. பாதுகாவலரின் பெயரும் கோயில் கட்டிய ஆண்டும் சேர்ந்தால் அதுவே பல பங்கு அலுவலகங்களின் கடவுச்சொல் என்று நாம் ஊகிக்கிறோம். அவை இரண்டும் கோயில் முகப்பிலேயே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன அன்றோ!

ஒரு பங்குக்கு என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், பிரன்ஸ்விக் என்ற ஊரின் புனித அம்புரோஸ் பங்கைச் சொல்லலாம். அங்கே கோயிலைப் புதுப்பிக்கும் பணி நடந்துகொண்டிருந்தது. ஒப்பந்த நிறுவனத்துக்கு மாதந்தோறும் பணம் அனுப்பி வந்தனர். 2019 ஏப்ரலில் அந்த நிறுவனத்தார் தொலைபேசியில் அழைத்து, இரண்டு மாதங்களாகப் பணம் வரவில்லையே என்று கேட்டனர். பங்கிலோ பணம் தவறாமல் அனுப்பப்பட்டிருந்தது. நடந்தது இதுதான்: பங்கு அலுவலகத்தின் மின்னஞ்சல் கணக்குகளுள் கள்வர் புகுந்து, ஒப்பந்தக்காரரின் வங்கி மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்கு அனுப்புக என்று நம்பச் செய்துவிட்டனர். ஏறத்தாழ 17 இலட்சத்து 50 ஆயிரம் டாலர் போய்விட்டது. அதுவும் ஏறக்குறைய 12 கோடி ரூபாய்தான். கும்பகோணத்தில் ஒரு வங்கியையே குறிவைத்து எடுக்க முயன்ற தொகையை ஒரு பங்கு இழந்தது. மறுநாள் காலையில் நேர் பார்த்த இடத்தில் மூன்றில் இரண்டு கட்டளைகளின் தொகை தடுக்கப்பட்டது. மற்ற இடத்தில், பணம் பெற வேண்டியவரே கேட்கும்வரை இரண்டு மாதங்கள் கடந்துவிட்டன.

அப்பங்கின் குருவானவர் செய்த ஒன்றை நாம் மெச்சுகிறோம். அவர் மறைக்கவில்லை. பங்குமக்கள் அனைவருக்கும் கடிதம் எழுதி, நடந்ததை நடந்தபடி அறிவித்தார். காவல்துறையும் புலனாய்வுத் துறையும் அழைக்கப்பட்டன. நம் நாட்டில் பலரும் செய்வது இதற்கு நேர்மாறானது. மானம் போய்விடும் என்று வாயை மூடிக்கொள்கிறோம். அந்த மௌனத்தில் கள்வன் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறான். உள்ளூரிலோ பழி கணக்குப்பிள்ளையின் தலையில் விழுகிறது.

இங்கேதான் காமகோடியின் வார்த்தைக்குத் திரும்ப வேண்டும். பணம் காணாமற்போன எந்த இடத்திலும் மக்கள் முதலில் பார்ப்பது கணக்கு எழுதுபவரை. அவர் குற்றமற்றவராக இருக்கலாம்; ஆனால் அவர் ஒருவரே கடவுச்சொல்லை அறிந்திருந்தால், ஒருவரே பணத்தை அனுப்பி, ஒருவரே கணக்கையும் எழுதியிருந்தால், தம் குற்றமின்மையை எதைக் கொண்டு மெய்ப்பிப்பார்? இன்னொருவர் சரிபார்க்கலாமே என்று நாம் சொல்லும்போதெல்லாம், “என்மேல் நம்பிக்கை இல்லையா, சாமி?” என்ற கேள்வி வருகிறது. நம்பிக்கை இருப்பதால்தான் சொல்கிறோம். இரண்டாவது கையொப்பம் முதற்கையொப்பக்காரருக்குச் சாட்சி.

புனித பவுலடியார் இதனை நன்கு அறிந்திருந்தார். எருசலேம் ஏழைகளுக்காகத் திரட்டப்பட்ட காணிக்கையை அவர் தனியே கொண்டுசெல்ல விரும்பவில்லை. திருச்சபைகள் தேர்ந்தெடுத்த ஒருவரையும் உடன் வரச் செய்தார். அத்தனை பெரிய தொகையைக் கையாள்வதில் எவரும் குறை கூறாதபடிக்கே அவ்வாறு செய்வதாகக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் 8ஆம் அதிகாரத்தில் விளக்குகிறார். பவுலடியாரை எவர் சந்தேகித்திருப்பார்? ஆயினும் அவர் அவ்வாறு செய்தார்.

போலிக் கடிதத்தையும் அவர் கண்டிருந்தார். தம்மிடமிருந்து வந்ததாகச் சொல்லப்படும் திருமுகத்தைக் கண்டு கலங்க வேண்டாமென்று தெசலோனிக்கருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் எச்சரித்துவிட்டு, அதன் இறுதியில் தம் கைப்படவே வாழ்த்து எழுதி, எல்லாத் திருமுகங்களிலும் இதுவே தம் அடையாளம் என்கிறார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அதே தொல்லை திருச்சபையை விட்டபாடில்லை. 2020 ஜூலையில் வெளியான ஓர் ஆய்வு, வத்திக்கான், ஹாங்காங் மறைமாவட்டம் ஆகியவற்றின் கணிப்பொறிகளுள் சீன அரசோடு தொடர்புடையோர் ஊடுருவினர் என்று கூறியது. சீன அரசு அதனை மறுத்தது. அதில் தூண்டிலாகப் பயன்பட்டவற்றுள் ஒன்று, வத்திக்கான் செயலகத்தின் முகப்போடு கூடிய ஓர் இரங்கல் கடிதம். இரங்கல் கடிதத்தைத் திறக்காத குருவும் உண்டோ?

ஆகவே, ஆயரின் படத்தோடு, “அவசரம், கூட்டத்தில் இருக்கிறேன், தொலைபேசியில் பேச இயலாது” என்று உங்கள் கைப்பேசிக்குச் செய்தி வந்து பணம் கேட்டால், அந்த ‘அவசரம்’ என்னும் சொல்லிலேயே ஐயம் கொள்ளுங்கள். குருக்களின் பெயரால் விசுவாசிகளிடம் பரிசு அட்டைகள் கேட்டு மோசடி நடப்பதாக 2019லேயே அமெரிக்க அரசின் வணிக ஆணையம் எச்சரித்தது. செய்தியில் உள்ள எண்ணை அழைத்து விசாரிப்பதால் பயனில்லை, கள்வனே எடுப்பான். உங்கள் பழைய குறிப்பேட்டில் உள்ள எண்ணையே அழைக்க வேண்டும். குரலையும் இன்று பொறியால் போலி செய்கின்றனர் என்பதால், பெருந்தொகையானால் நேரில் பார்ப்பதே நலம்.

ஒருவேளை பணம் போய்விட்டால், மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார நேரமில்லை. 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். வங்கிக்கும் அறிவிக்க வேண்டும். பணம் கள்வன் கணக்கிலிருந்து கைமாறுவதற்குள் தடுத்தால்தான் உண்டு. நம் நாட்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. வழக்குத் தொடர வழி இருக்கிறது. வாடிக்கையாளர் பிழையும் வங்கியின் பிழையும் இன்றி மூன்றாமவர் களவால் இழப்பு நேர்ந்து, மூன்று வேலை நாட்களுக்குள் அறிவித்தால், பொறுப்பு வாடிக்கையாளருடையதன்று என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஆணையிட்டது. ஆனால் கடவெண்ணைத் தாமே சொல்லிக் கொடுத்தவருக்கு அந்தக் காப்பு இல்லை. வளைகுடா நாடுகளில் பிள்ளைகள் வேலை பார்க்கும் நம் ஊர்த் தாய்மார் இதனைக் கவனிக்க வேண்டும். மாதத்தில் எந்நாள் பணம் வருமென்று கள்வனும் கணக்கு வைத்திருப்பான்.

நம் கடைத்தெருவில் பழைய வணிகர்கள் நாள்வழிச் சிட்டையையும் கல்லாப் பெட்டியையும் நேர் பார்க்காமல் கடையைச் சாத்தியதில்லை. பத்து ரூபாய் இடறினாலும் விளக்கை அணைக்க மாட்டார்கள். அதே வழக்கத்தைப் பங்கிலும் கொண்டுவந்துள்ளோம். பணம் அனுப்புபவர் ஒருவர், அனுமதிப்பவர் மற்றொருவர். வாரத்தில் ஒரு நாள், இவ்விருவரும் அல்லாத பேரவை உறுப்பினர் ஒருவர் வங்கிக் கணக்கையும் பேரேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். எவருடைய வங்கிக் கணக்கு எண்ணாவது மாறினால், அவரே நேரில் வந்து பேரேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்றும் தீர்மானித்தோம். நம் கட்டட ஒப்பந்தக்காரர் இதைக் கேட்டு முகம் சுளித்தார். புனித அம்புரோஸ் பங்கின் கதையைச் சொன்னோம். பேனாவை வாங்கிக் கையொப்பமிட்டார்.