டில்லி சாக்கும் ஈக்காட்டுத்தாங்கல் கணக்கும்

"ராஜ்ய சர்க்கார் என்ன செய்ய முடியும்? அதிகாரமும் பணமும் டில்லியில் அல்லவா இருக்கின்றன?" மந்திரிகள் இப்படிக் கேட்டால் நமக்கு வியப்பில்லை. நமது ஊழியர்களே சிலர் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆகவே கொஞ்சம் பேசவேண்டியிருக்கிறது.

டில்லியின் கை நீண்டது என்பது உண்மை. 1969இல் ராஜமன்னார் குழு அமைந்தது. 1971இல் அறிக்கை தந்தது. 1974இல் சட்டசபை சுயாட்சித் தீர்மானம் போட்டது. எல்லாம் ஏட்டோடு நின்றன. 2017 ஜூலையில் விற்பனை வரியும் பெரும்பாலும் கைவிட்டுப் போயிற்று. ஜி.எஸ்.டி. கவுன்சிலில் மத்திய சர்க்காருக்கு மூன்றிலொரு பங்கு ஓட்டு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். அத்தனை ராஜ்யங்களும் ஒன்றாய் நின்றாலும், டில்லி தலையசைக்காமல் ஒரு திருகாணிக்குக்கூட வரி குறையாது! பத்தாவது நிதிக்குழு தமிழகத்துக்குத் தந்த 6.6 சதவீதப் பங்கு, பதினைந்தாவது குழுவில் 4.08 ஆகத் தேய்ந்தது. இந்த அநீதியை எதிர்த்து நாம் போராடியே தீரவேண்டும்.

ஆனால் மிச்சமிருக்கும் அதிகாரம் சொற்பமா? சாக்குச் சொல்வோர் ஈக்காட்டுத்தாங்கலுக்கு வந்து பார்க்கட்டும்.

பக்கத்திலேயே கிண்டித் தொழிற்பேட்டை. 1958இல் காமராஜர் முதலமைச்சராகவும் ஆர். வெங்கட்ராமன் தொழிலமைச்சராகவும் இருந்தபோது எழுந்தது. சர்க்காரே நிலம் எடுத்து, கொட்டகை கட்டி, மின்சாரம் இழுத்து, கையில் பெரிய முதல் இல்லாதவனை லேத்தோடு உட்கார வைத்தது. அன்றைய ஆட்சியின் மற்றக் கொள்கைகள் எப்படியிருந்தாலும், இதை மறுப்பதற்கில்லை. இன்று? பட்டறைகளுக்கு மேலே கண்ணாடி மாளிகைகள் நிமிர்ந்து நிற்கின்றன. நிலத்தின் விலைக்கு முன் லேத்தின் வருமானம் எம்மாத்திரம்? 2015 டிசம்பரில் அடையாறு புகுந்து இயந்திரங்களை மூழ்கடித்தபோது, பல சிறு பட்டறைக்காரர்களின் முதுகெலும்பே முறிந்தது. நிலம் ராஜ்யப் பட்டியலில் உள்ள விஷயம். பொது நிலத்தை விற்காமல், மாடிப் பட்டறைகள் கட்டி, குறைந்த வாடகைக்கு விடுவதை எந்த டில்லி தடுக்கிறது?

2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று உத்தரவு வந்ததே, அது டில்லியைக் கேட்டா வந்தது? காலையில் துப்புரவு வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிற பெண்ணின் மடியில் அந்தக் காசு நின்றது.

மோட்டார் சைக்கிளில் சோற்றுப் பொட்டலம் சுமந்து ஓடும் இளைஞர்களை எடுத்துக்கொள்வோம். அவர்களுக்கென நலவாரியம் 2023 டிசம்பரில் அமைந்தது, நல்லது. வாரியம் இருந்தால் போதுமா, பணம் வேண்டாமா? 2025இல் கர்நாடகம் சட்டமே இயற்றி, தொழிலாளிக்குத் தரும் ஒவ்வொரு கூலியின்மீதும் 1 முதல் 5 சதவீதம் வரை கம்பெனி கட்டவேண்டும் என்றது. கட்டடத் தொழிலாளர் வாரியத்தை 1994இலேயே அமைத்து, கட்டட மதிப்பில் ஒரு பங்கை அதற்கென வசூலித்த ராஜ்யம் நம்முடையது. அதற்கான டில்லிச் சட்டம் 1996இல்தான் வந்தது! வழிகாட்டிய நாம் இதில் மட்டும் பின்தங்குவானேன்?

2023 ஏப்ரல் 21ஆம் தேதியை மறந்துவிட வேண்டாம். பன்னிரண்டு மணி நேர வேலை மசோதாவைச் சட்டசபையில் நிறைவேற்றினார்கள். தொழிற்சங்கங்கள் கொதித்தன, தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்றே நாளில் நிறுத்தி வைத்தார்கள்; மே தினத்தன்று வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். கொண்டுவந்ததும் இங்கே, விரட்டியதும் இங்கே.

இதே சட்டசபைதான் 1981இல் இன்னொரு சட்டம் செய்தது. இருபத்துநான்கு மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவனை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அது. காண்டிராக்டர்கள் 470ஆம் நாளில் பெயரை வெட்டி, மறுவாரம் வேறு பெயரேட்டில் அதே ஆளை அதே மிஷினில் நிறுத்துகிற வித்தை நம் தோழர்களுக்குத் தெரியும். அந்த ஏட்டைப் புரட்டிப் பார்க்கவேண்டிய இன்ஸ்பெக்டர் யாரிடம் சம்பளம் வாங்குகிறார்? டில்லியிடமா, கோட்டையிடமா?