தாய் சாப்பிடும் வைட்டமின் மாத்திரை தாய்ப்பாலுக்குப் போய்ச் சேருகிறதா?

ஜொகூர் பாரு: "பிள்ளைதான் பொறந்தாச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று பிரசவத்தோடு எல்லாவற்றையும் நிறுத்திவிடும் தாய்மார்கள் உண்டு. "நான் சாப்பிடுறது எல்லாம் பிள்ளைக்குத்தானே போவுது" என்று மருந்தகத்தில் கூடுதலாக வாங்கிச் சாப்பிடுபவர்களும் உண்டு. இரண்டு பேர் சொல்வதிலும் பாதிதான் உண்மை. ஏன் என்று பார்ப்போம்.

எந்தச் சத்து பாலில் கூடும்?

தாய்ப்பாலில் உள்ள சத்துகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, தாயின் உணவைப் பொறுத்து ஏறி இறங்குபவை. பி1, பி2, பி6, பி12, ஏ, டி ஆகிய வைட்டமின்களும் அயோடினும் இதில் அடங்கும். தாய்க்கு இவை குறைந்தால் பாலிலும் குறையும்; மாத்திரை சாப்பிட்டால் பாலிலும் கூடும்.

இரண்டாம் வகை, அவ்வளவாக மாறாதவை. இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, துத்தநாகம், ஃபோலேட் ஆகியவை இந்த வகை. தாயின் எலும்பிலிருந்து எடுத்தாவது பாலுக்குச் சுண்ணாம்புச்சத்தைக் கொடுத்துவிடும் நம் உடம்பு. ஆகவே, பிரசவத்துக்குப் பிறகு கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை பாலுக்காக அல்ல. இரத்தம் இழந்த உங்களுக்காக. அதை நிறுத்தினால் முதலில் சோர்ந்துபோவது நீங்கள்தான்.

சைவம் சாப்பிடும் தாய்மார்கள் கவனிக்க

பி12 இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில்தான் இயற்கையாகக் கிடைக்கும். கீரையும் பருப்பும் எவ்வளவு சாப்பிட்டாலும் அதை ஈடுகட்டாது. தாயிடம் பி12 மிகவும் குறைந்தால், தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை சோர்ந்து போகலாம், எடை கூடாமல் இருக்கலாம், கற்றுக்கொண்ட அசைவுகளைக்கூட மறக்கலாம். தாமதமாகக் கண்டுபிடித்தால் பாதிப்பு நிலைத்துவிடவும் கூடும்.

பெங்களூரில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2014-இல் வெளியானது. கர்ப்பகாலம் முதல் பிரசவத்துக்குப் பிந்திய 6 வாரம் வரை தினமும் 50 மைக்ரோகிராம் பி12 சாப்பிட்ட தாய்மார்களின் பாலில், சாப்பிடாதவர்களைவிட அதன் அளவு தெளிவாகக் கூடியிருந்தது. குழந்தைகளின் இரத்தத்திலும் அப்படியே.

வெயில் இருக்கிறதே, வைட்டமின் டி எதற்கு?

வெயிலுக்குக் குறைவில்லாத ஊர் ஜொகூர். ஆனால் அந்த வெயில் உடம்பில் பட வேண்டுமே! பொழுது விடியுமுன்னே சிங்கப்பூருக்குக் கிளம்பி, இருட்டிய பிறகு வீடு திரும்பும் தாய்க்கு ஏது வெயில்?

தாய்ப்பாலில் இயல்பாகவே வைட்டமின் டி குறைவு. அமெரிக்காவில் 2015-இல் வெளியான ஆய்வில், தாய் தினமும் 6,400 அனைத்துலக அலகு சாப்பிட்டபோது, குழந்தைக்கு நேரடியாக 400 அலகு கொடுத்ததற்கு ஈடான பலன் கிடைத்தது. சாதாரண மல்டிவைட்டமினில் இருப்பதைவிட இது பல மடங்கு அதிகம். நீங்களாகவே இந்த அளவைத் தொடங்காதீர்கள். குழந்தைக்குச் சொட்டு மருந்து தேவையா என்று மருத்துவரிடம் கேட்பதே எளிய வழி.

புழுங்கல் அரிசி சொன்ன பாடம்

நூறு ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களுக்கு நோய் வந்தது. புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழ்த் தொழிலாளர்களிடம் அது அரிதாகவே இருந்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் 1907-இல் இதை எழுதினார். நெல்லைப் புழுக்கும்போது பி1 தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னாளில் தெரிய வந்த காரணம்.

இதற்கும் தாய்ப்பாலுக்கும் என்ன சம்பந்தம்? தாய் நலமாகத் தெரியும்போதே, பாலில் பி1 குறைந்து குழந்தையின் இதயம் பாதிக்கப்படுவதுண்டு. லாவோசிலும் கம்போடியாவிலும் இது இன்றும் உள்ள பிரச்சினை. தீட்டிய அரிசியும், பிரசவத்துக்குப் பிறகு பல உணவுகளை ஒதுக்கும் வழக்கமும் அங்கே சேர்ந்துகொள்கின்றன. பத்தியம் என்று வெறும் சோறும் ரசமுமாக நாளைக் கடத்துபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அதிகம் சாப்பிட்டால் அதிகப் பலனா?

இல்லை. மாத்திரை குறையை நிரப்பும், அவ்வளவுதான். பி வகை வைட்டமின்களில் தேவைக்கு மேல் போவதில் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். மாத்திரை சாப்பிட்ட பிறகு சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாவது பி2-ஆல்தான். ஆனால் ஏ, டி இரண்டும் உடம்பில் சேர்ந்து தீங்கு செய்யக்கூடியவை.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துச் சென்று காட்டுங்கள். சைவமா, பத்தியம் இருக்கிறீர்களா, வெயிலே படாத வேலையா என்பதையும் தாதியிடம் சொல்லுங்கள். ஒன்று மட்டும் வேண்டாம்: "என் பால்ல சத்து இல்லையோ" என்ற பயத்தில் தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள். குறை இருந்தால் சரிசெய்ய வழி இருக்கிறது.